லாரி கேபினில் ஒரு மாத்திரை அட்டை

*டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எங்களுக்கு மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். எனக்கு வயது 34, இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரருக்கு 43. லாரி ஓட்டுகிறார். சம்பா அறுப்பு தொடங்கிவிட்டால் கொள்முதல் நிலையத்திலிருந்து நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு கிடங்குக்கும் வெளிமாவட்ட அரவை மில்லுக்கும் ராத்திரி பகலாக ஓடுவார். தை மாதம் ஒரு விடியற்காலையில் கண் அசந்து வண்டி வாய்க்கால் ஓரம் இறங்கிவிட்டது. கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு தெரிந்த மெடிக்கலில் மோடாஃபினில் 200 என்ற மாத்திரையை வாங்கிப் போடுகிறார். முதலில் ராத்திரி ஒன்று, இப்போது இரண்டு. பகலில் வீட்டுக்கு வந்தால் தூக்கம் வருவதில்லை. தூங்குவதற்காகக் குடிக்கிறார். எரிந்து எரிந்து விழுகிறார். கிளீனர் பையன் தன்னைப் பற்றி யாரிடமோ போனில் பேசுகிறான் என்கிறார். அவருக்கு பிபி மாத்திரை உண்டு. குறட்டை எப்போதும் பலமாக இருக்கும், பிள்ளைகள் கூடத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள். இது படித்தவர்கள், டாக்டர்களே போடுகிற மாத்திரை என்கிறார். நல்லதா கெட்டதா? நிறுத்தச் சொல்லலாமா?*

*நான் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறேன். நானும் அவர் அட்டையிலிருந்து ஐந்து ராத்திரி போட்டுப் பார்த்தேன். கடைசியாகப் போட்டு ஒரு வாரம் ஆகிறது. தலைவலியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. நான் வேறு மாத்திரை எதுவும் எடுப்பதில்லை, நர்ஸம்மா கொடுக்கும் மாலா-என் மட்டும்தான்.*

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது காத்திருக்காது. மாலா-என் ஒரு கருத்தடை மாத்திரை. அதில் உள்ள ஹார்மோன்களைக் கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்து வெளியே அனுப்பும். மோடாஃபினில் அந்த வேலையைச் செய்யும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. அதனால் ஹார்மோன் சீக்கிரம் கரைந்து, ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவு குறைகிறது. நீங்கள் மாலா-என்னை ஒருநாள் விடாமல் ஒழுங்காகப் போட்டிருந்தாலும் அது முழுப் பாதுகாப்பு தரும் என்று நம்ப முடியாது. மோடாஃபினிலை நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வரை இந்த நிலை நீடிக்கலாம்.

ஐந்து நாள்தான் போட்டீர்கள், ஆகையால் ஆபத்து சிறியதாகவே இருக்கலாம். ஆனாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மாலா-என்னை நிறுத்த வேண்டாம். கடைசி மாத்திரை போட்ட நாளிலிருந்து ஒரு மாதம் முடியும் வரை கூடவே ஆணுறையும் பயன்படுத்துங்கள். மாதவிலக்கு நாள் தள்ளிப்போனால் காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கரு தங்கியிருப்பதாகத் தெரிந்தால் மருத்துவரிடம் இந்த மாத்திரையின் பெயரை மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பக் காலத்தில் இதை எடுத்த தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு கூடுதலாகக் காணப்பட்டதால், 2019 முதல் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் எச்சரிக்கை விடுத்திருக்கின்றன. சொன்னால்தான் சரியான நேரத்தில் ஸ்கேன் பார்த்து உங்களுக்கு வழிகாட்ட முடியும். பயந்துபோய் நீங்களாக எதுவும் செய்துகொள்ளக் கூடாது.

இதை நீங்கள் கேட்காமலே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மெடிக்கல் கவுண்டரில் நின்று இந்த மாத்திரை வாங்கும் ஒரு பெண்ணிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் ஹெச் மருந்து இது. அப்படி ஒரு சீட்டு வேண்டும் என்று வைத்ததே, இந்த மாதிரிக் கேள்விகளை ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதற்காகத்தான்.

இனி உங்கள் வீட்டுக்காரர் விஷயம். நல்லதா கெட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். யாருக்கு என்பதைப் பொறுத்தது அது.

சில வருடங்களுக்கு முன் கல்லூரியில் படிக்கும் ஒரு பையனை அவன் அப்பா என்னிடம் அழைத்து வந்தார். வகுப்பில் தூங்குவான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கும். நண்பர்கள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தால் முழங்கால் மடங்கிக் கீழே உட்கார்ந்துவிடுவான். ஊரில் சோம்பேறி என்றார்கள், அப்புறம் காற்றுச் சேட்டை என்றார்கள். மனநலம் தேடிப் போகும் குணசீலம் கோயிலில் பல நாள் தங்கிவிட்டும் வந்திருந்தார்கள். அந்தப் பையனுக்கு இருந்தது நார்கோலெப்சி என்ற நோய். மூளையில் விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஒரெக்சின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் அழிந்துபோவதால் வருவது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் விழிப்பு நிற்காது. மோடாஃபினில் பிரான்ஸில் உருவான மருந்து. லியோன் நகரத்துத் தூக்க ஆய்வாளர் மிஷெல் ஜூவே முதலானவர்கள் 1980-களில் இப்படிப்பட்டவர்களுக்குத்தான் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 1998-ல் அனுமதி கிடைத்ததும் இந்த நோய்க்குத்தான். பரிசோதனை எல்லாம் முடித்து, காலையில் ஒரு மாத்திரை என்று ஆரம்பித்த பிறகு அந்தப் பையன் படிப்பை முடித்தான், வேலைக்கும் போகிறான். அதனால் இதை விஷம் என்று நான் எழுத மாட்டேன். நான் நன்றியோடு எழுதிக்கொடுக்கும் மருந்துகளில் இதுவும் ஒன்று.

உங்கள் வீட்டுக்காரருக்கு நடந்தது வேறு. ராத்திரி பத்து மணிக்கு ஒரு மாத்திரை போடுகிறார் என்று வையுங்கள். இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 15 மணி நேரம் ஆகும். மறுநாள் மதியம் ஒரு மணிக்கும் பாதி மருந்து உள்ளே இருக்கிறது. காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து பாயில் படுத்தால் தூக்கம் எங்கிருந்து வரும்? தூக்கம் வராததால் ஒரு குவார்ட்டர். போதையில் கிடந்து எழுந்தால் அது தூக்கம் ஆகாது, சாயங்காலம் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். அதற்கு இன்னொரு மாத்திரை. ஒன்று இரண்டானது இப்படித்தான். இரண்டாகக் கூட்டினால் பலன் கூடும் என்பதும் உறுதியாக நிரூபணமாகவில்லை. தலைவலி, படபடப்பு, எரிச்சல், பசியின்மை இவைதான் கூடும்.

முறையாக மருத்துவர் மேற்பார்வையில் எடுத்தால் ராத்திரி வேலைக்கு இது உதவாதா என்று அவர் கேட்கலாம், நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் ராத்திரி ஷிப்டில் வேலை பார்த்து அதனால் தூக்கக் கோளாறு வந்தவர்களுக்கு இதைக் கொடுத்துச் செய்த ஆய்வு 2005-ல் வெளியானது. வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் விபத்தோ, நூலிழையில் தப்பியதோ உண்டு என்று சொன்னவர்கள், மருந்து இல்லாத வெறும் மாத்திரை பெற்றவர்களில் 54 சதவீதம், மருந்து பெற்றவர்களில் 29 சதவீதம். பலன் இல்லாமல் இல்லை. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ராத்திரி நேரத்தில் படுக்கவைத்துப் பார்த்தால் மருந்துக்கு முன் அவர்கள் இரண்டு நிமிடத்தில் தூங்கினார்கள், மருந்து எடுத்த பிறகு நாலு நிமிடத்துக்குள் தூங்கினார்கள். பகலில் நல்ல விழிப்போடு இருப்பவருக்கு பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். மருந்து எடுத்தும் நூற்றுக்கு 29 பேர் விபத்தையோ, நூலிழையில் தப்பியதையோ சொன்னார்கள் என்பதும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஷிப்ட் வேலைக்கும், குறட்டையோடு வரும் தூக்க மூச்சடைப்பு நோய்க்கும் இதைத் தருவதில் பலனைவிடப் பாதகமே அதிகம் என்று சொல்லி, 2010-ல் ஐரோப்பிய மருந்து அமைப்பு இதை நார்கோலெப்சிக்கு மட்டும் என்று சுருக்கச் சொல்லிவிட்டது. அமெரிக்கா அந்த அனுமதியை இன்னும் வைத்திருக்கிறது. நிபுணர்களிடையே இப்படி இரண்டு கருத்து உண்டு. இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளும் விஷயம், தூங்க வேண்டிய தூக்கத்துக்கு இது ஈடாகாது என்பது. எங்கள் தாத்தா காலத்தில் வண்டி மாட்டை ஓட்டத் தார்க்குச்சி வைத்திருப்பார்கள். குத்தினால் மாடு நடக்கும். வைக்கோல் போட்ட மாதிரி ஆகாது.

அவர் போதிய தூக்கம் இல்லாமல் கண் அசந்தாரா, தூங்கியும் கண் அசந்தாரா? உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய கேள்வி இதுதான். பிள்ளைகள் எழுந்து போகிற அளவுக்குக் குறட்டை. 43 வயதில் பிபி. நடுராத்திரியில் குறட்டை திடீரென்று நின்று, மூச்சே இல்லாத மாதிரி கொஞ்ச நேரம் இருந்து, பிறகு திணறிக்கொண்டு பெரிதாக மூச்சை இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? காலையில் எழும்போது வாய் வறண்டு தலை கனக்கிறது என்பாரா? சட்டை எடுக்கும்போது காலர் அளவு 40 சென்டிமீட்டரைத் தாண்டுமா? இதில் இரண்டுக்கு ஆமாம் என்றாலே தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

இந்த நோயில் தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு வழியை அடைத்துவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறி ஒரு கணம் எழுப்பிவிடும், மூச்சு வரும், மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. மணிக்கு 30 தடவைக்கு மேல் இப்படி நடந்தால் கடுமையான நிலை என்போம். இவ்வளவு நடந்தது அவருக்கே தெரியாது. எட்டு மணி நேரம் தூங்கினேன் என்பார், மத்தியானம் ஸ்டியரிங்கில் கண் சொக்கும். இப்படிப்பட்டவருக்கு மோடாஃபினில் கொடுத்தால் தொண்டை அடைப்பு அப்படியேதான் இருக்கும். பிபியும் இதயத் துடிப்பும் ஏற்கெனவே மூச்சடைப்பால் ஏறியிருக்க, மருந்து தன் பங்குக்கு இன்னும் ஏற்றும். சாராயம் தொண்டைச் சதையை மேலும் தளர்த்தும். அவர் இப்போது குறட்டை, மாத்திரை, சாராயம் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துவைத்திருக்கிறார். எனக்குக் கவலை அங்கேதான்.

பரிசோதனை சிரமமானது இல்லை. ஒரு ராத்திரி உடம்பில் சில ஒயர்களை ஒட்டிக்கொண்டு தூங்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் சிறிய கருவிகளும் இருக்கின்றன. திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவிலோ, காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ போய்க் காட்டினால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார்கள். நோய் உறுதியானால் உடம்பு எடையைக் குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, சாராயத்தை விடுவது, தேவைப்பட்டால் சிபாப் என்ற கருவி. மூக்கில் ஒரு கவசம் மாட்டி, காற்றழுத்தத்தால் தொண்டை மூடாமல் திறந்துவைக்கும். விலை பல பத்தாயிரம் ரூபாய் ஆகும் என்பதை மறைக்க மாட்டேன். நகரங்களில் வாடகைக்கும் தருகிறார்கள். சிபாப் ஒழுங்காகப் போட்டும் பகல் தூக்கம் போகாத சிலருக்கு, அப்போதும் அதோடு சேர்த்துத்தான், மோடாஃபினில் தருவது உண்டு.

கிளீனர் பையன் தன்னைப் பற்றிப் பேசுகிறான் என்பதை நீங்கள் கோபத்தோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அதைத் தனியாகப் பாருங்கள். இந்த மருந்து சிலருக்குச் சந்தேக எண்ணம், இல்லாத குரல் கேட்பது, அளவு மீறிய பரபரப்பு போன்றவற்றைக் கொண்டுவரும். நாள்கணக்கில் தூக்கம் இல்லாமல் இருந்தாலும் வரும். நிறுத்தச் சொல்லலாமா என்றீர்கள். ஆமாம், இன்றைக்கே நிறுத்தலாம், படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. நிறுத்தினால் அடக்கிவைத்த தூக்கமெல்லாம் வந்து அழுத்தும். ஆகவே குறைந்தது மூன்று நாள் அவர் வண்டியில் ஏறக் கூடாது, நன்றாகத் தூங்கி எழுந்து தெளிவாக இருக்கிறார் என்று உங்களுக்கும் படும் வரை ஏறக் கூடாது. நாலைந்து நாளில் அந்தச் சந்தேகப் பேச்சு போகவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பே அவர் யாரையாவது அடிக்கப் போனாலோ, தன்னை மாய்த்துக்கொள்வதாகப் பேசினாலோ உடனே 108. யாரிடம் கேட்பது என்று தெரியாத நேரத்தில் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம்.

அபூர்வமாக வரும், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமை ஒன்றும் இருக்கிறது. காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு, வாய்க்குள் புண், கண் சிவப்பு, தோலில் கொப்புளம் கண்டால் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பொதுவாக முதல் சில வாரங்களில்தான் வரும். உங்கள் இருவருக்கும் இது பொருந்தும்.

அடுத்த பத்தியை அவர் கோபம் இல்லாமல் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் படித்துக் காட்டுங்கள்.

தம்பி, உங்களைக் குற்றம் சொல்ல நான் எழுதவில்லை. பிள்ளைகளுக்காக ஓட்டுகிறீர்கள், வண்டி வாய்க்காலில் இறங்கியதும் பயந்து ஒரு வழி தேடினீர்கள். தேடியது சரி, கிடைத்த வழி சரியில்லை. நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலத்தில் 30 மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்து, ஒரு குழந்தைக்கு மருந்தின் அளவைப் பத்து மடங்காக எழுதிவிட்டேன். செவிலியர் அக்கா பார்த்துத் தடுத்தார். எழுதும்போது நான் தெளிவாக இருப்பதாகத்தான் நினைத்தேன். தூக்கம் கெட்ட மூளைக்குத் தான் கெட்டிருப்பது தெரியாது. இந்த மாத்திரை போட்டு விழித்திருந்தவர்கள் தங்கள் திறமையை உள்ளதைவிடக் கூடுதலாக மதிப்பிட்டதாகவும் ஆய்வு இருக்கிறது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தால் கையும் கண்ணும் தடுமாறுவது, ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம். நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிப்பது 0.03. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் மூடினால் வண்டி 50 மீட்டர் தானாகப் போகும். நீடாமங்கலம், மன்னார்குடி பக்கம் கோரையாறு, பாமணியாறு ஓரச் சாலைகளில் 50 மீட்டருக்குள் என்னென்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். கண் எரிந்தால், கொட்டாவி தொடர்ந்து வந்தால், கடந்துவந்த ஊர் ஞாபகம் இல்லையென்றால் ஓரமாக நிறுத்துங்கள். ஒரு டீ குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் படுங்கள். டீ வேலை செய்ய ஆரம்பிக்க அரைமணி ஆகும், எழும்போது இரண்டும் கைகொடுக்கும். கிடங்கு வாசலில் வரிசையில் நிற்கும் நேரத்தில் போனைப் பார்க்காமல் தூங்குங்கள், டோக்கன் முறை வரும்போது கிளீனர் பையன் எழுப்பட்டும். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று எழுதிவைத்தது. முதலாளியிடம் ஒரு மாற்று டிரைவர் கேட்பது பிச்சை கேட்பது ஆகாது. பரிசோதனைக்கு வாருங்கள் தம்பி.

இவ்வளவுதான் அவருக்கு. பிபி மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறது என்றால், கொண்டுவரும் பணியாளரிடம் சொல்லி இந்த வாரமே பிபி அளக்கச் செய்யுங்கள். ஏறியிருந்தால் மருத்துவர் மாத்திரையை மாற்றுவார். வேறு மாத்திரை எதையும் நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

உங்கள் தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. நன்றாகத் தூங்கியவர்களிடம் இந்த மருந்து சில சிக்கலான வேலைகளில் சிறு முன்னேற்றம் காட்டியதாக ஆய்வுகள் உண்டு. நீங்கள் சமையல், பிள்ளைகள், வீட்டுக்காரர் எல்லாம் முடித்து பதினொரு மணிக்குப் புத்தகத்தைத் திறக்கிறவர். உங்களிடம் மிச்சம் இல்லாதது தூக்கம்தான். பகலில் படித்ததை மூளை ஒழுங்குபடுத்தி நினைவில் நிறுத்துவதே தூக்கத்தில்தான். ராத்திரி ஒன்பதரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்து படித்துப் பாருங்கள். ஒன்பதரையிலிருந்து பதினொரு மணி வரை, அந்த ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாமியாரோ அம்மாவோ முன்வந்தால் கூச்சப்படாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்கும் பகலில் அடக்க முடியாத தூக்கம் வருகிறது என்றால் ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள். நம் பக்கத்துப் பெண்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது ரத்தசோகைதான்.

மீதி மாத்திரைகளைப் பிள்ளைகள் கையில் படாமல் எடுத்து, மெடிக்கல் வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்தாளுநரிடம் கொடுத்துவிடுங்கள். லாரி கேபினில் இருக்கும் அட்டையையும் மறக்க வேண்டாம்.

மருத்துவமனைக்குப் போகும் முன் ஒரு வேலை. அவர் தூங்கும்போது, குடிக்காத ஒரு நாளில், உங்கள் போனில் ஐந்து நிமிடம் வீடியோ எடுங்கள். முகம் இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை, சத்தம் தெளிவாகப் பதிய வேண்டும். குறட்டை நிற்கும் இடத்தையும் மூச்சு திரும்பும் இடத்தையும் டாக்டரிடம் போட்டுக் காட்டுங்கள்.

அன்புடன்,
தஞ்சையிலிருந்து ஒரு நெஞ்சக நோய் மருத்துவர்